கேட்கும் பொறுப்பு: மருத்துவமனை அறக்கட்டளைக்குத் தலைவராகிறவருக்கு

"சார், உங்க பேர அறக்கட்டளைத் தலைவரா போட்டுட்டோம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், பேரு இருந்தா போதும்."

இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் பலருக்குப் பொறுப்பு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பஜாரில் நாற்பது வருடம் கடை வைத்திருப்பவர், தொழிற்சாலையில் மேலாளராக இருந்து வீட்டோடு ஆனவர், மகளிர் குழுவைக் கட்டி மேய்த்த அம்மா, இப்படி ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துத்தான் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அழைப்பவர் மரியாதையோடுதான் அழைக்கிறார். ஆனாலும் அவர் சொன்னது சரியில்லை. பெயர் மட்டும் இருந்தால் போதாது. உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கேட்பதுதான் அந்த வேலை.

நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறோம். ஊராரிடமும் கம்பெனியிடமும் பணம் கேட்கிறோம். நிர்வாகியிடம் கணக்குக் கேட்கிறோம். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான், மூன்றும் ஒரே ஆளின் வேலைதான். ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கேட்கும் வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது. பணம் கேட்பதில் சூரர்களாக இருந்து, ஒரு நோயாளியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காராத தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்காகக் கண்ணீர் விட்டு, ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வகை அறக்கட்டளையும் நிலைத்ததில்லை.

முதலில் நோயாளியைக் கேளுங்கள்

பென்னலூரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலை 48இல், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்கேதான். கிழக்கே இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டும் ஹூண்டாய் தொழிற்சாலையும். தெற்கே ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. மேற்கே சுங்குவார்சத்திரம் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள். கம்பெனி பஸ்கள் ஆள் இறக்கி ஆள் ஏற்றுகிற நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். இறங்குகிறவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், விழுப்புரம், திருவண்ணாமலை, ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மருத்துவமனை வாசலுக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு வீடு விட்டு, நிலம் விட்டு, இந்தப் பேட்டைகள் எழ வழிவிட்ட கிராமத்துப் பெரியவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள்.

பொறுப்பேற்ற முதல் மாதம் எந்தக் கூட்டமும் போடாதீர்கள். மருத்துவமனையின் பதிவுக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருங்கள். மூன்று நாள் காலையில், ஒருநாள் இரவு ஷிஃப்ட் விடுகிற நேரத்தில். நீங்கள் தலைவர் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். "எங்கேருந்து வர்றீங்கம்மா?" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். எதற்குப் பயந்தார்கள், எந்தக் காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், எத்தனை நாள் கூலி போனது, உடன் வந்தவர் எங்கே சாப்பிட்டார். நன்கொடை கேட்கப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய சரக்கு இதுதான்.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால் சில வாரங்களில் ஒன்று புலப்படும். அறக்கட்டளைப் பணம் கேட்டு வருகிற எல்லோருக்கும் அறக்கட்டளைப் பணம் தேவைப்படாது. பலருக்கு வேறு உரிமை இருக்கிறது, அது அவர்களுக்கே தெரிவதில்லை. 2017இலிருந்து இருந்துவரும் வரம்பின்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியிடம் "இஎஸ்ஐ இருக்கா?" என்று கேட்டால் "தெரியாது" என்பார். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால் மாதாமாதம் பிடித்தம் போயிருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்புவரை அரசு ஏற்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று அதில் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு இதைவிட அவசியமான தகவல் வேறில்லை.

ஆகவே உங்கள் அறக்கட்டளையின் முதல் செலவு ஒரு மேஜையும் ஒரு ஆளுமாக இருக்கட்டும். மேலே சொன்ன உரிமைகளை வரிசையாகச் சரிபார்த்து, விண்ணப்பம் நிரப்பி, தேவைப்பட்டால் ஆட்டோவில் கூட்டிப்போய்க் காப்பீட்டு அட்டைக்குப் படம் எடுத்துக் கூட்டிவருகிற ஆள். இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் அந்த மேஜையில் இருந்தால் பெரிய உதவி. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் அப்படி ஒருவர் கிடைப்பார். உரிமையுள்ளவருக்கு உரிமையை வாங்கிக் கொடுத்துவிட்டால், எந்தத் திட்டத்துக்குள்ளும் வராமல் நிற்கிறவருக்கு உங்கள் பணம் மிஞ்சும். விபத்தில் 49ஆவது மணி நேரத்தில் நிற்கிற குடும்பம், அட்டையில் பெயர் விட்டுப்போன மாமியார், இஎஸ்ஐ கணக்குத் தொடங்குவதற்குள் கையை மிஷினில் கொடுத்துவிட்ட பையன். அறக்கட்டளை இருப்பது இவர்களுக்காக.

பணம் கேட்பது

இதில்தான் எல்லோரும் கூசுகிறார்கள். "எனக்குன்னு கேட்டா கூட கேட்டுருவேன், பொதுக் காரியத்துக்குப் போய் எப்படிங்க..." என்று இழுப்பார்கள். ஏற்பது இகழ்ச்சி என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கூச்சம் போவதற்கு, கேட்ட ஒருவரின் கதையைத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி என்பது என் அனுபவம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்றும், தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவர் என்றும் பள்ளியில் படித்திருப்போம். தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததை 1923இல் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. மருத்துவமனை திறந்தது 1954இல். இடையில் 31 வருடம். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியபோது அவருக்கு வயது 63. 1952 அக்டோபர் 10ஆம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. அடுத்த மாதம் அவருக்கு 68 நிறைவு. "எனக்கு வயசாயிடுச்சு, சின்னப் பசங்களா பாத்துப் போடுங்க" என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் திரட்டி அந்த மருத்துவமனையைத் தொடங்கிய அமைப்பு மருத்துவர்களுடையதல்ல. 1917இல் அடையாற்றில் தொடங்கிய பெண்கள் சங்கம் அது. வாக்குரிமைக்கும் பெண்கல்விக்கும் பாடுபட்ட பெண்கள் சம்பளமில்லாமல் இதையும் தூக்கிச் சுமந்தார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயருக்குப் பின்னால் இன்றைக்கும் அந்தச் சங்கத்தின் பெயரெழுத்துகள் நிற்கின்றன. மருத்துவம் படிக்காதவர் மருத்துவமனைக்கு என்ன செய்துவிட முடியும் என்ற சந்தேகம் வரும்போது அந்த எழுத்துகளைப் பாருங்கள்.

1955 ஏப்ரலில் டாக்டர் வி. சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்திருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். முதல் மூன்று வருடம் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய், தங்க வளாகத்துக்குள்ளேயே இடம். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதே வளாகம்தான் அவருக்கு வீடு. 2005இல் மகசேசே விருது வந்தது, 2016இல் பத்ம விபூஷண் வந்தது. அதற்குப் பிறகும் நிலையத்துக்காக நிதி கேட்பதை அவர் விடவில்லை. பெரியவர்கள் கேட்கும்போது ஒரு நிமிர்வு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாதவர் கேட்கும்போது எதிரே இருப்பவர்தான் கூசுவார்.

ஆகவே பணம் கேட்கப் போகுமுன் நீங்கள் முதலில் கொடுங்கள். தொகை பெரிதாக வேண்டாம், உங்கள் வசதிக்கு அது கொஞ்சம் உறைக்கிற தொகையாக இருந்தால் போதும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் கொடுத்திருக்க வேண்டும். "நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று எதிரே இருப்பவர் மனதில் எழுகிற கேள்விக்கு, அவர் வாய் திறக்குமுன் உங்களிடம் பதில் இருக்கும்.

தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். ஒருவர் கொடுக்கப்போகிறவரை நேரில் அறிந்தவர், இன்னொருவர் கவுன்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதியவர். நிதி வேண்டும் என்று பொதுவாகச் சொல்லாமல், "இந்த மாதம் நாலு குடும்பத்துக்கு 49ஆவது மணி நேரத்திலிருந்து செலவு நிற்கிறது, இவ்வளவு ஆகும்" என்று சொல்லுங்கள். தொகையைச் சொன்னபிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இது மிகவும் கடினம். தொகையைச் சொல்லிவிட்டு, சங்கடத்தில் "முடிஞ்சதக் குடுங்க, பரவால்ல" என்று நாமே இறக்கிவிடுவோம். கொடுக்க நினைத்தவரும் அப்போது இறங்கிவிடுவார்.

சிறிய தொகையை அலட்சியம் செய்யாதீர்கள். கேரளத்தில் மலப்புறத்தைச் சுற்றி வளர்ந்த வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம் கடைகளில் வைத்த தகர டப்பாக்களில் விழுந்த சில்லறையில்தான் பெரும்பாலும் ஓடியது. சில்லறை போட்டவர் அந்த அமைப்பைத் தன்னுடையது என்று நினைப்பார். ஒரே பெரிய மனிதரின் காசில் ஓடும் அறக்கட்டளை அவருக்குக் கோபம் வருகிற நாளில் நின்றுவிடும்.

கம்பெனிகளிடம்

இந்தத் தொழிற்பேட்டை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நீங்கள் அந்தச் சுற்றுப்பகுதி. ஆகவே தயங்காமல் போகலாம். ஆனால் உங்கள் அறக்கட்டளை 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவாகி எண் வாங்கியிருக்க வேண்டும். வருமான வரித் துறையின் அறக்கட்டளைப் பதிவும், நன்கொடையாளருக்கான வரிச்சலுகை அங்கீகாரமும் உயிரோடு இருக்க வேண்டும். 1961 சட்டத்தில் 12ஏபி, 80ஜி என்று நாம் பழகிய எண்கள் 2025இன் புதிய சட்டத்தில் மாறிவிட்டன. புதிய பிரிவுகளை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கம்பெனியின் சிஎஸ்ஆர் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

எப்போது போவது? மார்ச்சில் போனால், மீந்த பணத்தைத் தள்ளிவிட அவசரப்படுபவரிடம் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு இயந்திரம் வந்து இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில், ஆண்டுத் திட்டம் போடும்போதே போய் உட்காருங்கள்.

அந்த இயந்திரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நான் சில வருடம் பணி செய்த ஒரு மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள் நன்கொடையாக வந்தன. ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம், பெயர்ப் பலகையும் வைத்தோம். டயாலிசிஸுக்கு வேண்டிய சுத்திகரித்த தண்ணீருக்கான ஆர்.ஓ. பிளான்ட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. டெக்னீஷியன் சம்பளம், ஒவ்வொரு முறைக்கும் ஆகும் வடிகட்டி, குழாய், ஊசிச் செலவு, மின்சாரம் போனால் தாங்கும் ஜெனரேட்டர் எதையும் எழுதவில்லை. கூட்டத்தில் நானும்தான் இருந்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஒன்பது மாதம் அந்த இயந்திரங்கள் துணி போர்த்தி நின்றன. அந்த ஒன்பது மாதமும் எங்கள் ஊர்க்காரர்கள் வாரம் இரண்டு முறை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றிப் படித்தேன். நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, வாலாஜாபாத் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் உள்ள பெருமாள் கோயிலில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலம். கோயிலோடு சேர்ந்து நடந்த வீரசோழன் ஆதுலர்சாலையைப் பற்றிய செய்தி அது. படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை மருத்துவம் செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் எடுப்பவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நோயாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, வருடம் முழுக்க இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவை, இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதுவரை இருக்கிறது. கட்டடம் கட்டியவரின் பெருமையைவிடக் கட்டடம் ஓடுவதற்கான செலவுக்குத்தான் அந்தக் கல்லில் அதிக இடம்.

நன்கொடை ஒப்பந்தம் எழுதும்போது அந்தக் கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் தருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு, "மூன்று வருட ஓட்டச் செலவும் சேர்த்துத் தர முடியுமா, இல்லையென்றால் அதில் எவ்வளவு பங்கு?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த இயந்திரம் வேண்டாம் என்று சொல்லத் தலைவருக்குத் துணிவு வேண்டும். டெக்னீஷியன் சம்பளத்துக்குப் பெயர்ப் பலகை வைக்க முடியாது என்பதால்தான் யாரும் அதற்குக் கொடுப்பதில்லை. ஆண்டு அறிக்கையில், "இந்த வருடம் இரவுப் பணி செவிலியர்களின் சம்பளத்தை ஏற்றவர்" என்று முதல் வரியில் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஆள் வருவார்கள்.

பணம் வாங்கவே கூடாத இடங்களும் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ இல்லாத அறக்கட்டளை வெளிநாட்டுப் பணத்தில் ஒரு ரூபாயும் தொடக்கூடாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் சித்தப்பா மகன் பாசத்தோடு அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அப்படியில்லை. உள்ளூரில் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் வருத்தம் உங்கள்மேல் வரும்.

கணக்குக் கேட்பது

நம் ஊர்களில் கணக்குக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். "என்னண்ணே, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ நல்ல அமைப்புகளைச் சாய்த்திருக்கிறது. அதற்கு ஒரே வழி, முதல் மாதத்திலிருந்தே, யார்மேலும் எந்தச் சந்தேகமும் இல்லாத காலத்திலேயே, கேட்பதை வழக்கமாக்கிவிடுவது. தலைவர் தன் கணக்கை முதலில் வைக்கட்டும். அறக்கட்டளை வேலையாகப் போன ஆட்டோ செலவுச் சீட்டைத் தலைவர் மேஜையில் வைத்துவிட்டால், அடுத்தவர் சீட்டைக் கேட்பதில் தவறாக நினைக்க எதுவுமில்லை.

காசோலையில் இருவர் கையெழுத்து. ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண், எந்தப் புத்தகம் யாரிடம் என்று ஒரு பதிவேடு. கூட்டம் முடிந்த அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. சங்கமாகப் பதிவு செய்திருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்குத் தாக்கலும் உரிய நேரத்தில் நடக்க வேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். கடினமானது வேறு.

குழு உறுப்பினர் ஒருவரின் மச்சானுக்கு மருந்து மொத்த வியாபாரம் இருக்கும். விலையும் நியாயமாகவே இருக்கும். அப்போதும் அந்த உறுப்பினர் உறவைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். முதல் தடவை இதைச் செய்யச் சொல்லும்போது அறை கனத்துப்போகும். தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை அவரே எழுந்து போவார்.

அடுத்தது சிபாரிசு. "நம்ம ஆளு, கொஞ்சம் பாத்து முன்னாடி விடுங்க" என்ற தொலைபேசி உங்களுக்கு வாரம் ஒன்றாவது வரும். யாருக்கு உதவுவது என்பதை நீங்கள் ஒருவரே முடிவு செய்கிற ஏற்பாடு இருக்கும்வரை அது நிற்காது. மருத்துவர் ஒருவர், உதவி மேஜை ஆள் ஒருவர், குழுவிலிருந்து மாறி மாறி ஒருவர் என்று மூன்று பேர் பெயரில்லாத படிவத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். தொலைபேசியில் கேட்பவரிடம், "படிவம் குடுக்கச் சொல்லுங்க தம்பி, நான் கையெழுத்துப் போடற ஆள் இல்ல" என்று உண்மையையே சொல்லிவிடலாம்.

நோயாளியை நிறுத்தி வைத்துக் காசோலை கொடுக்கிற படம் எடுக்கவே வேண்டாம். உடம்பு முடியாமல் வந்தவர் உதவிக்கு விலையாகத் தன் முகத்தைக் கொடுக்கக் கூடாது. நன்கொடையாளர் படம் கேட்டால் செவிலியர்களோடு நிற்கச் சொல்லுங்கள்.

மருத்துவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதிலும் தலைவருக்குத் தெளிவு வேண்டும். எந்த நோயாளிக்கு என்ன மருந்து, யாரை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பதில் தலையிடக் கூடாது. இலவசமாக வந்தவருக்கும் பணம் கட்டியவருக்கும் காத்திருக்கும் நேரம் எவ்வளவு வேறுபடுகிறது, எத்தனை பேரை வேறிடம் அனுப்பினீர்கள், ஏன் என்பதையெல்லாம் மாதாமாதம் கேட்க வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுக்குப் பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இப்படிக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொண்டது. கிராமங்களில் அவர்கள் நடத்திய முகாம்கள் புகழ்பெற்றவை. ஊர்ப் பெரியவர்கள், அரிமா, ரோட்டரி சங்கங்கள் முன்னின்று இடமும் விளம்பரமும் ஆட்களும் கொடுப்பார்கள், கூட்டம் அலைமோதும். கூட்டத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், வராதவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். கண்ணில் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. ஊர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்கள் வைத்தது அந்தக் கணக்குக்குப் பிறகுதான். உங்கள் மாத அறிக்கையிலும் வந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராதவருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

தன்னார்வலர்களைக் கேட்பது

ஆள் சேர்க்கும்போது நாம் செய்கிற தவறு, "எப்ப முடியுமோ அப்ப வாங்க" என்பது. அப்படிச் சொன்னால் யாரும் வருவதில்லை. மலப்புறத்து இயக்கம் தெளிவாகக் கேட்டது: வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தர வேண்டும், 16 மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும், நான்கு நாள் நோயாளிகளிடையே மேற்பார்வையில் பழக வேண்டும். இவ்வளவு கேட்டும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். தன்னை நம்பி ஒரு வேலையைத் தருகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் வருவார்கள்.

நம் பகுதியில் ஷிஃப்ட் தொழிலாளிகளே நல்ல தன்னார்வலர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவருக்கு மாலை நாலு மணி ஓய்வு நேரம். கல்லூரி மாணவர் வர முடியாத நேரம் அது. விடுதியில் தங்கியிருக்கும் பெண் தொழிலாளர்களைக் கேட்கும்போது திரும்பிப் போக வண்டி ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டதாகவே ஆகாது. குழுக் கூட்டங்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதோடு யார் பேசினார்கள் என்பதையும் பாருங்கள். கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்பட்ட ஒரு அம்மாவிடம், "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன். பிரசவ வார்டில் உடன் இருப்பவர்களுக்குக் கழிவறை ஒரு மாடி தள்ளி இருக்கிறது என்றார். இரண்டு வருடமாக எங்கள் ஆண்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பொறுப்புக்குக் கால வரம்பு வையுங்கள். மூன்று வருடம், மிஞ்சினால் இன்னொரு மூன்று வருடம். அடுத்து வரப்போகிறவரை இரண்டாம் வருடத்திலேயே அடையாளம் கண்டு, நன்கொடையாளர் வீடுகளுக்கு உங்களோடு கூட்டிப்போங்கள். வங்கிக் கையெழுத்து மாற்றம், சிஎஸ்ஆர்-1, வருமான வரித் தளங்களின் கடவுச்சொல், பத்திரங்கள் இருக்கும் பீரோச் சாவி ஆகியவற்றை ஒப்படைக்கும் நாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் மாதம் கவுன்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய அந்த நோட்டை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் புதியவர் கையில் நேராகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.